பல்டியை எங்கே பழகுவது? ஃபோம் பிட், ரெசி, ஏர்பேக், மண், தண்ணீர்

என் அக்கா மகனுக்கு 15 வயது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். இரண்டு வருடமாக பிஎம்எக்ஸ், அதாவது வித்தை காட்டுகிற சின்னச் சக்கர சைக்கிள், ஓட்டுகிறான். போன மாதம் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: "மாமா, பேக்ஃபிளிப்பும் டெயில்விப்பும் இந்த வருஷத்துக்குள்ள வரணும். அம்மா ஏதாவது ஒண்ணுக்குத்தான் காசு தருவாங்களாம். எதுக்குக் கேக்கட்டும்?"

கீழே ஒரு பட்டியல். ஃபோம் பிட், அதாவது ஸ்பாஞ்ச் நிரப்பிய குழி, வைத்திருக்கிற உள்ளரங்கத்துக்கு மாதச் சந்தா. ரெசி ராம்ப், அதாவது மேலே ஸ்பாஞ்சு விரித்த இறங்கு சரிவு, இருக்கிற இன்னொரு இடத்துக்குச் சனிக்கிழமை டிக்கெட். கோடையில் மட்டும் ஏர்பேக் என்கிற காற்றடித்த மெத்தை போடுகிற ஒரு முகாம். காட்டுக்குள் பெரிய பையன்கள் வெட்டி வைத்திருக்கிற மண் மேடுகள், அதற்குக் காசு வேண்டாம். கூட்டாளி ஒருவன் ஏரிக்கரையில் பலகையைச் சாய்த்து வைத்துத் தண்ணீருக்குள் குதிக்கலாம் என்கிறானாம், அதற்கும் காசு வேண்டாம். கடைசியாக, கான்கிரீட் சரிவுகள் கட்டிய ஸ்கேட் பார்க்கைப் பற்றி ஒரு வரி: "இல்லாட்டி நேரா பார்க்கிலயே அடிச்சுப் பாத்துடவா?"

அந்தக் கடைசி வரியை மட்டும் அக்காவிடம் நான் சொல்லவில்லை.

நான் 27 வயதில்தான் பிஎம்எக்ஸைத் தொட்டேன். இப்போது 39. தோள்பட்டை எலும்பு ஒரு முறை, இடது மணிக்கட்டு ஒரு முறை உடைந்திருக்கிறது. இரண்டுமே சின்ன உயரத்தில், கவனம் வேறெங்கோ இருந்தபோது. பெரிய ஓட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அவன் எழுதிய ஆறு வழிகளில் ஐந்தில் நானே விழுந்து எழுந்திருக்கிறேன். அவனுக்கு அனுப்பிய பதிலைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

முதலில் வித்தையைப் பிரித்துப் பார்

எங்கே பழகுவது என்பதற்கு முன்னால் எதைப் பழகப் போகிறாய் என்று பார்க்க வேண்டும். காற்றில் செய்கிற வித்தைகளைப் பல விதமாகப் பிரிக்கலாம். எனக்குப் பயன்பட்ட பிரிவு ஒன்றே ஒன்றுதான்: பாதியில் மனசு மாறினால் சைக்கிளைக் கைவிட்டுவிட முடியுமா, முடியாதா?

டெயில்விப் என்றால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி சைக்கிளின் உடலைக் காலால் தள்ளி, அது ஒரு முழுச் சுற்று சுற்றி வந்ததும் மறுபடி பெடலில் கால் வைப்பது. பார்ஸ்பின் என்றால் ஹேண்டில்பாரை ஒரு சுற்று வீசிவிட்டுப் பிடிப்பது. இவற்றில் சுற்றுவது சைக்கிள்தான். நீ நேராகத்தான் இருக்கிறாய், தலை மேலே, கால் கீழே. தப்பாகப் போகிறது என்று தெரிந்ததுமே சைக்கிளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு முழங்கால் காப்பில் சறுக்கி இறங்கிவிடலாம். சைக்கிள் அடிபடும், உனக்குச் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

பேக்ஃபிளிப் அப்படியில்லை. அது நம் ஊர்ப் பின்பல்டி, சைக்கிளோடு சேர்த்து அடிப்பது. பாதிச் சுற்றில் தலை நேர் கீழே இருக்கும். அங்கே மனசு மாறினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. சுற்றை முடித்தே ஆக வேண்டும். ஃபிளேர் இன்னும் ஒரு படி மேல். குவார்ட்டர் பைப் என்கிற வளைந்து நிமிர்கிற சரிவில் ஏறி, பின்பல்டியோடு அரைத் திருப்பமும் சேர்த்து, ஏறின சரிவிலேயே இறங்குவது. அமெரிக்க பிஎம்எக்ஸ் வீரர் மேட் ஹாஃப்மன் 1990-ல் காட்டிய வித்தை. இதிலும் பாதியில் விட்டுவிட வழியில்லை.

360, அதாவது சைக்கிளோடு சேர்ந்து பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீயும் சேர்ந்து சுற்றினாலும் தலை கீழே போவதில்லை. சுற்றில் கால்பங்கு குறைந்தால் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி இடுப்பில் விழுவாய். வலிக்கும், ஆனால் வீட்டுக்கு நடந்து போகலாம்.

கைவிடக்கூடிய வித்தைகளுக்கு ஃபோம் பிட் கிட்டத்தட்ட வீண் செலவு. கைவிட முடியாதவற்றுக்கு அது, அல்லது அதற்கு ஈடான ஏதோ ஒன்று, கிட்டத்தட்டக் கட்டாயம். அவன் கேட்ட இரண்டு வித்தைகளும் ஆளுக்கொரு பக்கம் நிற்பதால்தான் பதில் நீண்டுபோனது.

உயரம் ஓசியில் வராது

ஒரு சின்னக் கணக்கு. ராம்பின் மேல் விளிம்பைவிட 30 செ.மீ. மேலே போய், அதே மட்டத்துக்குத் திரும்பி வர ஏறத்தாழ அரை நொடி ஆகும். 1 மீட்டர் மேலே போனால் 0.9 நொடி. 1.5 மீட்டர் போனால் 1.1 நொடி. புதிதாகப் பழகுகிறவன் டெயில்விப்பை அரை நொடிக்குள் முடிப்பது நடக்காத காரியம். முக்கால் நொடியாவது கையில் இருந்தால்தான் காலை எடுத்துத் தள்ளி, சைக்கிள் சுற்றி வருவதைப் பார்த்து, பெடலைத் தேட நேரம் கிடைக்கும்.

அந்த உயரத்தைப் பம்ப் பண்ணித்தான் வாங்க வேண்டும். சரிவில் இறங்கும்போது உடலை அமுக்கி, ஏறும்போது காலை நீட்டி வேகம் சேர்ப்பது. ஊஞ்சலில் நின்றுகொண்டு உந்துகிற அதே வேலை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கான்கிரீட் பார்க்கில், ஒரு பைசா செலவில்லாமல் வருகிற பாடம் இது. வேறு எந்த மெத்தையும் இதைச் சொல்லித் தராது. ஃபோம் பிட்டில் உயரமான மேடையிலிருந்து உருண்டு இறங்குவாய். வேகம் தானாகக் கிடைத்துவிடும். சொந்தமாக 50 செ.மீ. பறக்கத் தெரியாத பையன்கள்கூட அங்கே அழகாகப் பல்டி அடிப்பார்கள். வெளியே வந்தால் அந்தப் பல்டிக்கு வேண்டிய உயரம் அவர்களிடம் இருக்காது, தைரியம் மட்டும் இருக்கும். எனக்குத் தெரிந்து மோசமான அடிகள் விழுந்தது இந்த இடைவெளியில்தான்.

இறங்குவதும் அப்படியே. 1.5 மீட்டரிலிருந்து விழுகிற உடல் தரையைத் தொடும்போது மணிக்கு 19, 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சரிவில் இறங்கினால் அதில் பெரும்பகுதி உருளும் வேகமாக மாறிவிடும். தட்டையில் இறங்கினால் முழுவதையும் கணுக்காலும் முதுகும் வாங்கிக்கொள்ள வேண்டும். வித்தை எதுவும் செய்யாமல், பத்துக்கு ஒன்பது முறை சரிவில் இரண்டு சக்கரத்தையும் வைக்கத் தெரியாதவன் மற்றதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவனிடம் ஒரு காணொளி அனுப்பச் சொன்னேன். பத்துக்கு ஏழு. பரவாயில்லை, அதைச் சரி பண்ணிவிடலாம்.

ஃபோம் பிட்

பெரிய குழி அல்லது தொட்டி. உள்ளே ஆயிரக்கணக்கில் ஸ்பாஞ்ச் கட்டிகள். ஒரு ராம்பிலிருந்து பறந்து அதற்குள் விழ வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்த ஏற்பாடு இது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிஎம்எக்ஸ்காரர்கள் புண்ணியத்தலம் மாதிரி பேசுகிற வுட்வர்ட் முகாம்கூட 1970-ல் ஜிம்னாஸ்டிக்ஸ் முகாமாகத்தான் தொடங்கியது. சைக்கிள்கள் பின்னால் வந்தன.

அந்தப் பிறப்பில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஜிம்னாஸ்ட் வெறும் உடம்போடு விழுகிறார். நாம் பத்து, பதினோரு கிலோ இரும்போடு விழுகிறோம். ஸ்பாஞ்சு உடம்பைத் தாங்கும், சரி. மேலே வந்து விழுகிற ஹேண்டில்பாரிடமிருந்து உன்னை யார் காப்பாற்றுவது? என் முன்பல்லில் ஒரு மூலை இல்லை. கான்கிரீட்டில் போனதல்ல, ஸ்பாஞ்சுக்குள் போனது. பார் முகவாயில் இடித்தது, நாக்கு நடுவில் மாட்டவில்லை என்பதே அதிர்ஷ்டம். முகம் மூடும் ஹெல்மெட்டும் பல் காப்பும் ஃபோம் பிட்டில்தான் ரொம்ப அவசியம் என்று நான் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள்.

அதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். பயத்தை உடைப்பதற்கு அதைப்போல வேறொன்று இல்லை. பின்பல்டியில் பாதிப் பிரச்சினை மூளையில் இருக்கிறது. ராம்பின் விளிம்பை விட்டுச் சக்கரம் வெளியேறிய பிறகுதான் தலையைப் பின்னால் வீச வேண்டும். பயந்தவன் முன்கூட்டியே இழுப்பான். முன்கூட்டி இழுத்தால் உயரம் போய்விடும், பின்சக்கரம் விளிம்பில் தட்டும். இந்தத் தவறைக் கான்கிரீட்டில் இருபது முறை செய்ய முடியாது, ஸ்பாஞ்சில் முடியும். எப்போது இழுப்பது, எவ்வளவு இழுப்பது என்பது உடம்புக்குத் தெரிய முதல் முப்பது, நாற்பது குதிப்புக்கு ஃபோம் பிட் நல்ல வாத்தியார்.

அதற்குப் பிறகு அது பொய் சொல்ல ஆரம்பிக்கும். முக்கால் சுற்றில் விழுந்தாலும் மெத்தென்றுதான் இருக்கும், முழுச் சுற்றிலும் மெத்தென்றுதான் இருக்கும். மேலே வந்து, "நான் அடிச்சுட்டேன்" என்பாய். ஓரத்தில் நின்று செல்போனில் எடுத்தவன் காட்டினால்தான் முன்சக்கரம் நேர் கீழே பார்த்தபடி உள்ளே போனது தெரியும். இறங்கும் இடத்தைக் கண்ணால் தேடுகிற பழக்கமும் வராது, தேட அங்கே இடம் எதுவும் இல்லையே. சிலர் கண்ணை மூடிக்கொண்டே சுற்றுவார்கள். மூன்று மாதம் அங்கேயே கிடந்தவர்களிடம் இந்தப் பழக்கத்தை அழிப்பது, புதிதாக ஒருவனுக்குச் சொல்லித் தருவதைவிடக் கஷ்டம்.

டெயில்விப்புக்கு அது ஏன் வீண் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். டெயில்விப்பின் உயிர் கடைசிக் கால்பங்கில் இருக்கிறது: சுற்றி வருகிற பெடலைக் காலால் பிடித்து நிறுத்துவது. ஃபோம் பிட்டில் அந்தக் கால்பங்குக்கு முன்பே சைக்கிளின் பின்பகுதி ஸ்பாஞ்சில் புதைந்துவிடும். தள்ளுவதைப் பழகலாம், பிடிப்பதைப் பழக முடியாது.

அப்புறம் வேலை. ஒவ்வொரு முறையும் புதைகுழியிலிருந்து ஏறுகிற மாதிரி சைக்கிளையும் இழுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். வரிசையில் ஐந்து பேர் நின்றால் ஒரு மணி நேரத்தில் பத்து, பன்னிரண்டு முறை கிடைத்தால் பெரிய விஷயம். ஏழாவது முறைக்கு மேல் கை தளர்ந்துபோகும். பழைய கட்டிகள் நொறுங்கித் தூளாகி அடியில் சேர்ந்து இறுகிவிடும். மேலே பார்க்கக் குழி நிறைந்திருக்கும், உள்ளே பாதிதான் மென்மை. நான் போய்க்கொண்டிருந்த ஓர் இடத்தில் கட்டிகளைக் கிளறிவிட ஆள் வைக்காமல் விட்டு, ஒரு நாள் என் பின்பக்கம் அடித்தளத்தைத் தொட்டது. அதிலிருந்து எங்கே போனாலும் குதிப்பதற்கு முன்னால் இறங்கி நின்று காலால் அமுக்கிப் பார்த்துவிடுவேன். இடுப்புவரை புதையவில்லை என்றால் குதிக்க மாட்டேன். தலைகுப்புறப் பாய்வது என்பது எவ்வளவு நல்ல பிட்டாக இருந்தாலும் கூடாது. கழுத்து ஸ்பாஞ்சிலும் உடையும்.

ரெசி

மரச்சட்டத்தில் கட்டிய சாதாரண இறங்கு சரிவு. அதன்மேல் தடித்த ஸ்பாஞ்சு விரிப்பு, அதற்கும் மேலே வழுக்கலான பிளாஸ்டிக் தகடு. சக்கரத்தில் இறங்கினால் சைக்கிள் உருண்டு ஓடும். உடம்பில் விழுந்தால் ஸ்பாஞ்சு அடியைக் குறைக்கும், பிளாஸ்டிக் உன்னைச் சறுக்கிக் கீழே கொண்டு போய்விடும். இதுவும் ஜிம்னாஸ்டிக்ஸ் பாய்களின் உறவுதான்.

ஃபோம் பிட் மறைக்கிற எல்லாவற்றையும் ரெசி காட்டிக் கொடுத்துவிடும். முக்கால் சுற்றில் வந்தால் முன்சக்கரம் குத்தி ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பாய். அதிகமாகச் சுற்றினால் பின்சக்கரம் முதலில் தட்டி முதுகில் சாய்வாய். இரண்டிலும் வலி உண்டு, உடைவது அரிது. "கொஞ்சம் தப்பு" என்பதற்குக் கொஞ்சம் வலி, "ரொம்பத் தப்பு" என்பதற்கு நிறைய வலி. உடம்பு கற்றுக்கொள்ள அந்த அளவுதான் வேண்டும். டெயில்விப்பில் பெடலைப் பிடித்த கால் வழுக்கினாலும், ஒற்றைக் காலோடு இறங்கிப் பார்க்கலாம். நான் டெயில்விப் கற்றது முழுக்க ரெசியில்தான். ஒரு பெடலில் கால், இன்னொன்று காற்றில் என்று குறைந்தது அறுபது முறை இறங்கியிருப்பேன். அறுபத்தொன்றாவதோ எழுபதாவதோ, இரண்டு காலும் உட்கார்ந்தன. அடுத்த வாரம் பக்கத்து மரச் சரிவில் அதே வேகத்தில் போனபோது புதிதாக எதையும் செய்கிற மாதிரியே தோன்றவில்லை.

விழுந்தால் உடனே எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதால் ஒரு மணி நேரத்தில் ஃபோம் பிட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு முயற்சி கிடைக்கும். காசைக் கணக்கு பார்க்கிறவர்கள் டிக்கெட் விலையைப் பார்க்காமல் ஒரு குதிப்புக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

குறையும் உண்டு. பிளாஸ்டிக்கில் சறுக்கினால் தோல் தேய்ந்து சுடும். முழுக்கைச் சட்டை இல்லாமல் போகாதே. தகட்டின் இணைப்புகள் தூக்கிக்கொண்டிருந்தால் முன்சக்கரம் மாட்டும். முக்கியமாக, முதல் பல்டியை நேரே ரெசியில் அடிப்பது சரியல்ல. தலையோ கழுத்தோ முதலில் போய் விழுந்தால் காப்பாற்றுகிற அளவுக்கு அந்த ஸ்பாஞ்சுக்குத் தடிமன் இல்லை. பல்டி ஒரு முழுச் சுற்றாக வருகிறது என்று காணொளியில் பலமுறை உறுதியான பிறகுதான் ரெசிக்கு வர வேண்டும்.

ஏர்பேக்

காற்றடித்த பெரிய மெத்தை. பழைய வகை தட்டையாக இருக்கும், சினிமா சண்டைக்காட்சியில் மாடியிலிருந்து குதிப்பவருக்குப் போடுவார்களே, அந்த மாதிரி. அதில் விழுந்தால் ஃபோம் பிட்டின் அதே குறைதான்: இறங்குவது தெரியாது. புதிய வகை இறங்கு சரிவின் வடிவத்திலேயே இருக்கிறது. அதுதான் இந்தப் பட்டியலில் ஆகச் சிறந்தது. சுற்று முடிந்தால் சக்கரத்தில் உருண்டு வெளியே வரலாம், முடியாவிட்டால் காற்று தாங்கும். ஃபோம் பிட், ரெசி இரண்டின் வேலையையும் ஒன்றே செய்துவிடும்.

பிறகு ஏன் எல்லோரும் அதையே வைப்பதில்லை? விலை, இடம், ஓயாமல் ஓடுகிற ஊதி, கிழிகிற துணி. பெக் (அச்சின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கிற குழாய்) போட்ட சைக்கிளை விட மாட்டார்கள், ஹேண்டில்பார் முனையில் மூடி இல்லாவிட்டாலும் விட மாட்டார்கள். திறந்த வெளியில் காற்று அடித்தால் மூடிவிடுவார்கள். அவன் சொன்ன முகாம் கோடையில் ஐந்து நாள். ஐந்து நாளில் பல்டி வந்துவிடலாம்; ஆறாவது நாள் என்ன செய்வாய்? மென்மையான இடத்திலிருந்து கடினமான இடத்துக்கு மாற்றுவதுதான் உண்மையான வேலை. அதற்கு வாராவாரம் போக ஓர் இடம் வேண்டும். பக்கத்தில் வருடம் முழுவதும் ஏர்பேக் இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, அங்கே போ என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

மண்

எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே இதைச் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

காட்டுக்குள் மண்ணைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி ஏறு மேடும் இறங்கு மேடும் கட்டுவார்கள். பென்சில்வேனியாவின் பெத்லகேம் பக்கத்தில் இருக்கிற 'பாஷ்' மாதிரியான காடுகளில் இது ஒரு கைவினை. மண் வெட்டாதவனுக்குச் சவாரி இல்லை என்பது உலகம் முழுக்க உள்ள எழுதாத சட்டம். "காசு வேண்டாம்" என்று அக்கா மகன் எழுதியிருந்தான். காசு வேண்டாம்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். போனால் பெரிய பையன்கள் பேசுவார்கள், வரிசையில் எந்த மேட்டிலிருந்து தொடங்குவது என்று சொல்வார்கள். வேறெங்கும் காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் அது.

மண்ணில் பறக்கும் நேரம் அதிகம், தாளமும் அழகு. 360-க்கும், சைக்கிளைக் காற்றில் பக்கவாட்டில் படுக்க வைக்கிற டேபிள்டாப்புக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் "மண்தானே, மெத்தென்று இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. நன்றாகத் தட்டிய மேடு சிமெண்டு மாதிரி இருக்கும். வேகம் பார்க்கைவிட அதிகம், அதனால் விழுகிற தூரமும் அதிகம். ஸ்டீபன் மரே என்ற பிரிட்டிஷ் வீரர், எக்ஸ் கேம்ஸ் என்கிற பெரிய சாகச விளையாட்டுப் போட்டியில் மண் பிரிவில் தங்கம் வென்றவர். 2007 ஜூனில் அமெரிக்காவின் பால்டிமோர் போட்டியில் இரட்டைப் பின்பல்டி அடிக்கும்போது விழுந்து கழுத்து முறிந்தது, உடல் செயலிழந்தது. அவர் அளவுக்கு மண்ணில் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். பல்டியை முதன்முதலாக மண்ணில் அடித்துப் பார்க்காதே என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தண்ணீர்

ஊரில் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரின் குணம் தெரியும். கால் நேராகப் போனால் வாங்கிக்கொள்ளும், முதுகைக் கொடுத்தால் பளாரென்று அறையும். மோட்டார் மேடையிலிருந்து பல்டி அடித்து முதுகு சிவந்து வீட்டுக்குப் போன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரித்திரத்தில் தண்ணீருக்கு ஓர் இடம் உண்டு. 1984-ல் பிஎம்எக்ஸில் முதன்முதலாகப் பின்பல்டி அடித்தவர் என்று சொல்லப்படுகிற அமெரிக்கர் ஹோசே யானெஸ், அதைத் தண்ணீருக்குள் விழுந்து விழுந்துதான் பழகினார். அன்றைக்கு அவருக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு இருக்கிறது. ஏரியின் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. முகம் மூடிய ஹெல்மெட் தண்ணீரில் வாளி மாதிரி இழுக்கும். சைக்கிள் மூழ்கும், அதைத் தேடி ஒருவன் முங்க வேண்டும். எடுத்த பிறகு பேரிங்கெல்லாம் கழற்றித் துடைத்துக் கிரீஸ் போடவில்லை என்றால் ஒரு மாதத்தில் கரகரவென்று சத்தம் போடும். ஆறில் நான் செய்யாத ஒன்று இதுதான். இனிமேலும் செய்யப் போவதில்லை.

நேராக அடித்துப் பார்ப்பது

ஹாஃப்மன் 1989-ல் இரண்டரைச் சுற்று, அதாவது 900, சுற்றிக் காட்டியபோது ஊருக்கு ஊர் ஃபோம் பிட் கிடையாது. அந்தத் தலைமுறை நேராகத்தான் கற்றது. அதற்கு உடம்பால் விலை கொடுத்தது; ஹாஃப்மனின் எலும்பு முறிவுகளும் அறுவைச் சிகிச்சைகளும் அவருடைய வித்தைகள் அளவுக்கே பேசப்படுகின்றன. 2000-ல் எக்ஸ் கேம்ஸில் இரட்டைப் பின்பல்டி அடித்துக் காட்டிய அமெரிக்க வீரர் டேவ் மிர்ரா 2016-ல் இறந்த பிறகு, அவர் மூளையில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வருகிற சிடிஇ என்ற நோய் இருந்தது தெரியவந்தது. சைக்கிள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 19 வயதில் கார் மோதி மண்டையோடு உடைந்தவர், குத்துச்சண்டையும் செய்தவர். ஆனாலும் அந்தச் செய்திக்குப் பிறகு நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். தலையில் அடிபட்டால், அது ஸ்பாஞ்சாக இருந்தாலும், அன்றைக்குக் கடை மூடியாயிற்று. "லேசாத்தான் பட்டுச்சு" என்பதெல்லாம் செல்லாது. தலை சுற்றல், வாந்தி, குழப்பம் இருந்தால் டாக்டரிடம்.

இன்றைக்கு உச்சத்தில் இருப்பவர்கள்கூட எவ்வளவு பழகினாலும் கடைசியில் கெட்டித் தரையில் ஒரு நாள் அடித்தே ஆக வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்ஸில், அதாவது 2021-ல், பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல், அதாவது வித்தைப் போட்டி, முதன்முறையாக இடம்பெற்றபோது பிரிட்டிஷ் வீராங்கனை சார்லட் வொர்திங்டன் 360 பேக்ஃபிளிப்புக்கு, அதாவது பின்பல்டியோடு ஒரு முழுத் திருப்பமும் சேர்ந்த வித்தைக்கு, போனார். பெண்கள் போட்டியில் அதுவரை யாரும் அடித்து இறங்காத வித்தை. முதல் ஓட்டத்தில் விழுந்தார். இரண்டாவது ஓட்டத்தில் சுலபமான வித்தைக்கு இறங்காமல் அதையே மறுபடி அடித்து நின்றார், 97.50 புள்ளி, தங்கம். நேராக அடித்துப் பார்ப்பவர்கள் இதை உதாரணம் காட்டுவார்கள். அவர் அன்றைக்கு அதை முதன்முதலாக அடிக்கவில்லை என்பதை விட்டுவிடுவார்கள்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நேர்வழி சரிதான். பார்ஸ்பின், எக்ஸ்-அப் (கைகள் குறுக்கே வரும்வரை ஹேண்டில்பாரைத் திருப்புவது), ஒரு கை விடுவது, கால் விடுவது: இவற்றுக்கு எந்த மெத்தையும் வேண்டாம். பார்ஸ்பின்னைப் புல்தரையில் நின்றபடியே, சீட்டை முழங்காலால் கவ்விக்கொண்டு நூறு முறை வீசிப் பிடி. பிறகு சின்னக் குதிப்பு, பிறகு இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் தட்டையாக இருக்கிற பாக்ஸ் ஜம்ப். அவன் சைக்கிளில் பின்பிரேக் கம்பி நேராக வருகிறது. ஒரு சுற்று வீசினால் சுற்றிக்கொண்டு நிற்கும். கம்பி சுற்றிக்கொள்ளாமல் ஹேண்டில்பாரைச் சுழல விடுகிற ஜைரோ என்ற பாகத்தை மாட்ட வேண்டும், இல்லையென்றால் பிரேக்கைக் கழற்ற வேண்டும். பொதுச் சாலையில் பள்ளிக்கூடத்துக்கும் அதே சைக்கிளில்தான் போகிறான். ஜைரோ மாட்டச் சொன்னேன்.

கடைசியில் எழுதியது

சனிக்கிழமை ரெசி டிக்கெட்டுக்குக் கேள். அதிலேயே டெயில்விப் வந்துவிடும், 360-ம் வரும். ஃபோம் பிட்டுக்கு மாதச் சந்தா வேண்டாம். ஒரு நாள் டிக்கெட் மூன்று வாங்கு, மூன்று வாரம் விட்டு விட்டுப் போ, பல்டிக்கு மட்டும். ஒவ்வொரு குதிப்பையும் பக்கத்திலிருந்து படம் எடுக்க ஓர் ஆளைக் கூட்டிப் போ. சுற்று முழுசாக, இறங்கும் பக்கத்தைக் கண் பார்த்தபடி, வரிசையாகப் பத்து முறை வந்தால் ரெசிக்கு எடுத்துப் போ. அங்கே பத்து முறை உருண்டு வெளியே வந்த பிறகு மரச் சரிவு. அதற்குள் வருடம் முடிந்துவிட்டால் முடியட்டும். மண்ணுக்கு இப்போதே போ, ஆனால் மண்வெட்டியோடு. முதல் மூன்று மாதம் அங்கே பறப்பது மட்டும், வித்தை எதுவும் இல்லாமல்.

மிச்சமாகிற சந்தாக் காசில் முகம் மூடும் ஹெல்மெட் வாங்கச் சொன்னேன். கடையில் தலையில் மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும். கன்னம் இரண்டும் உள்ளே அமுங்க வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. பழையது, யாரோ விழுந்து எழுந்தது என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "சரி மாமா. அம்மா ஒத்துக்கிட்டாங்க. ஆனா ஏரி?"

கோடையில் நான் வருகிறேன், ஏரிக்கு இரண்டு பேரும் போகலாம், சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு வா என்று எழுதினேன்.